சிக்கு போட்ட கேவியட்

கோலகங்சாரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேராவது சல்பியாவிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவள் பயிற்சிப் பள்ளியின் 'கஞ்சில்' என்ற வெள்ளைச் சின்னக் காரில், ஓட்டுபவருக்கு இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர், பல் டாக்டர், மதம் போதிக்கும் உஸ்தாத், புது மாப்பிள்ளை என்ற பேதமெல்லாம் அவளிடம் கிடையாது. "கிளட்ச்சைத்தான் விடச் சொன்னேன், உயிரை விடச் சொல்லல" என்பாள். ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிப்பவர்களிடம், "அது ஓடிப்போயிடாதுலா, கட்டிப்பிடிக்காதே" என்பாள். கணவன் என்று ஒருவன் மூன்று வருஷம் இருந்தான். முன்னால் போகவும் தெரியாது, பின்னால் வரவும் தெரியாது, நடுரோட்டில் அணைந்துபோன வண்டி என்பதுதான் அவனைப் பற்றி அவள் சொல்லும் முழு வரலாறு.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. பிரேக் மிதித்தே தேய்ந்த கால். போதும் என்று முடிவு செய்தாள். லுமுட் பக்கம் கடலோரமாக ஒரு சின்ன வீடு பார்த்து வைத்தாள். ஆற்றோரக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அவள் பெயரில் இருந்த இரண்டு ஏக்கர் டுரியான் தோட்டத்தை, நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஃபவுசி என்பவருக்கு விற்க ஒப்பந்தம் போட்டாள். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்த அவள் அப்பா இட்ரூஸ், 2003-இலேயே அந்த நிலத்தை முறைப்படி மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று மாதத்தில் பெயர் மாற்றம் முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

ஒரு வாரத்தில் வக்கீல் பல்ஜீத் கோர் அவளைத் தைப்பிங்கில் இருந்த தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். பல்ஜீத்தும் பழைய மாணவிதான். பத்தொன்பது வயதில் ரிவர்ஸ் எடுக்கும்போது அழுதவள். இன்னும் 'காக்', அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"காக், உக்காருங்க. கோபப்படாம கேக்கணும்."

"கோபப்படாம கேட்டுப் பழக்கமில்ல. சொல்லு."

"உங்க நிலத்து மேல ஒருத்தர் கேவியட் போட்டிருக்காரு."

"அப்படின்னா?"

"ஒரு பாரம், கூட ஒரு சத்தியப் பத்திரம். 'இந்த நிலத்துல எனக்கும் உரிமை இருக்கு'ன்னு எழுதிக் குடுத்தா, நில அலுவலகத்துல உங்க பட்டாவுல குறிச்சிக்குவாங்க. அது உண்மையா பொய்யான்னு விசாரிக்கிறது அவங்க வேலையில்ல. குறிச்சிட்டா முடிஞ்சுது. விக்க முடியாது, பேர் மாத்த முடியாது, பேங்க்ல வைக்க முடியாது."

"எத்தன நாளைக்கு?"

"யாரும் தொடலன்னா ஆறு வருஷம்."

சல்பியா அதைத் தன் பாஷைக்கு மாற்றினாள். "அதாவது, என் வாசல் முன்னால ஒருத்தன் வண்டிய குறுக்க நிறுத்திட்டு, சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டான்."

"அதேதான்."

"எந்த மகராசன்?"

பல்ஜீத் தாளைப் பார்த்துப் படித்தாள். "சாம்சூரி பின் லாஸிம். தொழில்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்."

சல்பியா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சாம்சூரியை ஊரே 'சிக்கு' என்று கூப்பிடும். மலாயில் அதற்கு வாத்தியார் என்று பொருள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, அதுதான் இந்த மனிதருக்குப் பொருத்தம். அறுபத்தெட்டு வயது. கம்பத்தில் எந்தக் குழு அமைத்தாலும் அதற்குத் தலைவர் அவர்தான். மைக் கையில் கிடைத்தால் பந்தியில் சோறு ஆறிப்போகும். தலைக்கும் மீசைக்கும் ஒரே கறுப்பு. சல்பியாவின் தோட்டத்துக்குப் பக்கத்து நிலம் அவருடையது. பருவத்தில் அவள் மரத்துப் பழங்களையும் அவரே பொறுக்கிக்கொள்வார். டுரியான்தானே, தின்னுட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், ஐந்தாவது தடவையில். மூன்றாவது தடவை மேட்டில் நிறுத்திக் கிளப்பும் சோதனையில், வண்டி பின்னால் உருண்டு, குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதிகாரியின் மோட்டார் சைக்கிளைச் சாய்த்தது. மேட்டைச் சரியாகக் கட்டவில்லை என்று அன்றைக்கே புகார்க் கடிதம் எழுதியவர் அவர்.

"வழி என்ன?" என்றாள் சல்பியா.

"மூணு இருக்கு. அவரே வாபஸ் வாங்கலாம். இல்ல, நீங்க நில அலுவலகத்துல விண்ணப்பம் குடுக்கலாம். அவங்க அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, ரெண்டு மாசம் பாத்துட்டு எடுத்துடுவாங்க. ஆனா அதுக்குள்ள அவர் கோர்ட்டுக்குப் போய் நீட்டிக்கச் சொல்லிக் கேட்டாருன்னா இழுத்துக்கும். மூணாவது, நாமளே நேரா உயர்நீதிமன்றத்துக்குப் போய், இத எடுத்துடச் சொல்லி உத்தரவு கேக்கறது. மொதல்ல ஒரு கடுதாசி போடறேன். பதினாலு நாள் டைம் குடுப்போம்."

கடிதத்துக்கு மூன்று பக்கத்தில் பதில் வந்தது. முதல் பக்கம் முழுக்க அமரர் இட்ரூஸின் ஆன்மாவுக்குப் பிரார்த்தனை. இரண்டாவது பக்கத்தில் இளைய தலைமுறையின் ஒழுக்கக்கேடு. மூன்றாவதில், தாம் ஒரு புனிதமான நம்பிக்கையைக் காத்துவருவதாகவும், வாபஸ் என்ற சொல் தம் அகராதியிலேயே இல்லை என்றும் இருந்தது. இளைய தலைமுறை என்று அவர் சொன்னது சல்பியாவைத்தான்.

அன்று சாயங்காலமே அவள் அவர் வீட்டுக்குப் போனாள். சிக்கு வாசலில் வரவேற்றார். மனைவி மஹானி டீயும் பொரித்த வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவோரம் நின்றாள். நாற்பது வருஷமாக அவள் நிற்கும் இடம் அதுதான்.

"வா சல், டீ குடி."

"டீ குடிக்க வரல சிக்கு. கேவியட்ட எடுங்க."

"இங்க பாரு. நான் என்ன திருடவா செஞ்சேன்? பாரம் வாங்கி, கட்டணம் கட்டி, முறைப்படி போட்டிருக்கேன்."

"முறைப்படி திருடறேன்னு சொல்றீங்க."

"உங்க அப்பா வாயால சொன்னது சல். 2006-ல. இதே நாற்காலியில உக்காந்து சொன்னாரு. 'சிக்கு, இது உங்க நிலம் மாதிரி'ன்னு. ஒரு பெரிய மனுஷன் சொன்ன சொல்ல நான் காப்பாத்தலாமா வேணாமா?"

"அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாரு. விருந்தாளிக்கு 'உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க'ன்னு சொன்னாரு. ஒருத்தனும் கட்டிலத் தூக்கிட்டுப் போகல."

சிக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ அந்த நிலத்துல கால் வச்சு எத்தன வருஷம் ஆச்சு? உங்க அப்பாவ நீ எத்தன தடவ வந்து பாத்த?"

மேசைக்கு அடியில் அவள் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது.

வழக்குப் போட்டார்கள். மனுவோடு சல்பியாவின் சத்தியப் பத்திரமும் வைக்க வேண்டும். பல்ஜீத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல, பல்ஜீத் பாதியை அடித்துக்கொண்டே வந்தாள்.

"'கிழட்டுக் கொக்கு'ன்னெல்லாம் எழுத முடியாது காக்."

"உண்மையத்தான் எழுதணும்னு நீதானே சொன்ன?"

"நிலத்தப் பத்தின உண்மை. பட்டா எப்ப உங்க பேருக்கு வந்துச்சு, விக்கிற ஒப்பந்தம் எப்ப, இந்தக் கேவியட்டால உங்களுக்கு என்ன கஷ்டம். இது மட்டும்தான்."

"தலைக்குச் சாயம் அடிக்கிறது?"

"அதுவும் வேணாம்."

மனு தாக்கல் ஆனது. அடுத்தது அதை சிக்குவின் கையில் கொடுப்பது. பல்ஜீத்தின் அலுவலகத்தில் சம்மன் கொண்டுபோகும் லோகநாதன் இரண்டு தடவை வீட்டுக்குப் போய்த் திரும்பினார். செருப்பு வாசலில் கிடக்கும், ஆள் ஊரில் இல்லை என்று உள்ளேயிருந்து ஆண் குரல் வரும். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கொடுத்தவரின் குரல்.

"வெள்ளிக்கிழம தொழுகைக்கு முன்னால, வியாழக்கிழம சாயங்காலம் சாயம் பூசுவாரு. சந்தை ரோட்டு முடிதிருத்தும் கடை" என்று சல்பியா வழி சொன்னாள். தன் கஞ்சிலிலேயே லோகநாதனைக் கூட்டிக்கொண்டும் போனாள். எதிர்ப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அந்தக் காட்சியைத் தவற விட அவள் தயாராக இல்லை.

சிக்கு கழுத்துவரை துணி போர்த்தி, தலையெல்லாம் கறுப்புக் குழம்போடு உட்கார்ந்திருந்தார். லோகநாதன் போய்க் குனிந்து மரியாதையாகக் கேட்டார்: "சாம்சூரி பின் லாஸிம் நீங்கதானே?"

"இல்ல" என்றார் சிக்கு.

முடிதிருத்துபவர் சீப்பை நிறுத்தினார். "என்ன சிக்கு, பேரையே மறந்துட்டீங்களா?"

லோகநாதன் உறையை அவர் மடியில் வைத்தார். சிக்கு எழுந்த வேகத்தில் ஒரு சொட்டுச் சாயம் நீதிமன்ற முத்திரைக்குப் பக்கத்தில் விழுந்தது. தேதி, நேரம், இடம், சாயம் எல்லாவற்றையும் லோகநாதன் தம் சத்தியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். சாயத்தை மட்டும் பல்ஜீத் எடுத்துவிட்டாள்.

சிக்கு வக்கீல் வைக்கவில்லை. மலாய் இலக்கணத்தைத் தம்மைவிடச் சரியாக எழுதக்கூடிய வக்கீல் பேராக் மாநிலத்திலேயே இல்லை என்று காப்பிக்கடையில் சொன்னாராம். அவரே எழுதித் தாக்கல் செய்த பதில் சத்தியப் பத்திரத்தில் ஐம்பத்தெட்டுப் பத்திகள். முதல் ஒன்பதில் அவருடைய சேவை வரலாறு, வாங்கிய நற்சான்றிதழ்கள், ஒரு தடவை மாவட்ட அளவில் பள்ளிக்கூடத் தோட்டத்துக்குக் கிடைத்த மூன்றாம் பரிசு. பிறகு புல் வெட்டியது, குரங்கு விரட்டியது, வேலி கட்டியது. பல்ஜீத் சத்தமாகப் படிக்க, சல்பியா ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வசை சொல்லிக்கொண்டே வந்தாள்.

முப்பத்தொன்றாவது பத்தியில் பல்ஜீத்தின் குரல் இறங்கியது. "இத நீங்களே படிங்க காக்."

2012 முதல் 2015 வரை, திங்கள், புதன், வெள்ளி, வாரம் மூன்று நாள், இட்ரூஸை ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தது தாம்தான் என்று சிக்கு எழுதியிருந்தார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தின் நகல். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று வாத்தியார் கையெழுத்தில் வரிவரியாக. 'இன்று இட்ரூஸ் காரில் வாந்தி எடுத்தார். இருக்கையை இரண்டு தடவை கழுவினேன்.' 'இன்று மகளைப் பற்றிப் பேசினார்.'

ஆஸ்பத்திரி வேன் வந்து கூட்டிக்கொண்டு போவதாகத்தான் அப்பா அவளிடம் சொல்லியிருந்தார். "நீ வேலையப் பாரு, எனக்கென்ன, ராஜா மாதிரி வேன்ல போறேன்" என்பார். அவள் கேள்வி கேட்கவில்லை. நம்பிக்கொண்டாள் என்பதைவிட, நம்புவது வசதியாக இருந்தது என்பதே சரி. அந்தக் காலைகளில் அவள் ஊரான் பிள்ளைகளுக்கு இரண்டு கழிகளுக்கு நடுவே வண்டியை நுழைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பல்ஜீத் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "இதுக்கு என்ன பதில் எழுதறது?"

"உண்மைன்னு எழுது."

"நெஜமாவா?"

"அந்த நோட்ட ஒருத்தன் உக்காந்து கற்பனையா எழுத முடியாது. அதுவும் அந்த ஆளுக்குக் கற்பனை கிடையாது. ஓட்டுனாரு, ஒத்துக்கறேன்னு எழுது. அதுக்கு நிலம் கிடையாதுன்னும் எழுது."

வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெகுநேரம் கிளப்பாமல் இருந்தாள். அந்த ஆள் செய்தது நன்மை. அதைத் தேதி போட்டு எழுதி, இரண்டு வருஷம் அலமாரியில் பூட்டி வைத்திருந்து, நிலத்துக்கு விலை வந்த வாரத்தில் எடுத்து நீட்டியிருக்கிறார். நன்றி சொல்லக்கூட விடாத மாதிரி ஒரு மனிதனால் நன்மை செய்ய முடியுமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தன் மேலும்தான் வந்தது. ஆனால் அவரைத் திட்டுவது சுலபம், பழகியதும்கூட. லுமுட் வீட்டை விற்பவனை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிப் பேசிவிட்டு வண்டியை எடுத்தாள்.

விசாரணை அன்று பல்ஜீத் படிக்கட்டிலேயே எச்சரித்தாள். "உள்ள போனா வாய் தொறக்கக் கூடாது காக். இன்னிக்கி நான் ஓட்டறேன், நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. பிரேக் கிடையாது."

நீதிபதி ஒரு பெண். நடுத்தர வயது, சளி பிடித்த குரல். நீதிபதியின் அறையிலேயே விசாரணை. சிக்கு பாத்திக் சட்டையும் சொங்கோக் தொப்பியுமாக, கையில் மூன்று கோப்புகளோடு வந்திருந்தார். பல்ஜீத் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. பட்டா, ஒப்பந்தம், கெடு, அவ்வளவுதான். நிலத்தில் உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டியது கேவியட் போட்டவருடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

சிக்கு எழுந்தார். "மாண்புமிகு நீதிபதி அவர்களே, ஒரு சமுதாயத்தின் முதுகெலும்பு என்பது..."

"எங்கிட்ட கோப்பு இருக்கு, படிச்சிட்டேன்" என்றார் நீதிபதி. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். இந்த நிலத்துல உங்களுக்கு என்ன உரிமை?"

"பதினோரு வருஷம் பராமரிச்சிருக்கேன்."

"வாங்கினீங்களா?"

"இல்ல."

"குத்தகை?"

"எங்களுக்குள்ள அப்படியெல்லாம் எழுதிக்கிற பழக்கம் இல்ல."

"பழத்த என்ன பண்ணீங்க?"

சிக்கு தொண்டையைச் செருமினார். "சாப்பிட்டோம். கொஞ்சம் வித்தோம்."

"சரி. இட்ரூஸ் என்ன சொன்னாருன்னு உங்க வாயால சொல்லுங்க."

"'சிக்கு, இது உங்க நிலம் மாதிரி'ன்னு சொன்னாரு."

"'மாதிரி'ன்னா?"

சிக்கு முதல் கோப்பைப் புரட்டினார்.

"நீங்க மொழி வாத்தியார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒண்ண இன்னொண்ணு மாதிரின்னு சொன்னா, அது அது இல்லன்னுதான் அர்த்தம்." நீதிபதி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும். நிலம் உங்களுக்குத்தான்னே சொன்னாருன்னு வச்சுக்குவோம். எப்ப சொன்னாரு? 2006. பட்டா யார் பேர்ல இருந்துச்சு?"

"சல்பியா பேர்ல."

"எப்பலேருந்து?"

"2003."

"அப்ப தன் பேர்ல இல்லாத நிலத்த அவர் உங்களுக்கு எப்படிக் குடுக்க முடியும்?"

சிக்கு அடுத்த கோப்பை எடுக்கப் போனார். கோப்புகளில் ஒன்று சரிந்து நற்சான்றிதழ்கள் தரையில் பரவின. குனிந்து பொறுக்கும்போது தொப்பி விழுந்தது. தலையின் உச்சியில் சாயம் படாத ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. சல்பியா இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள்.

நீதிபதி உத்தரவைச் சொன்னார். நண்பருக்குச் செய்த உதவி போற்றத்தக்கது, ஆனால் அது நிலத்தில் உரிமை ஆகாது. விசாரித்துப் பார்க்க வேண்டிய கேள்வி எதுவும் இதில் இல்லை. கேவியட்டை நீக்க வேண்டும். வழக்குச் செலவு எதிர்மனுதாரருடையது. பதினெட்டு நிமிடம். வண்டியை நேராக நிறுத்தக் கற்றுக்கொள்ள சிக்கு எடுத்துக்கொண்டது ஏழு மாதம்.

"நஷ்டஈடும் கேக்கலாம் காக்" என்றாள் பல்ஜீத் வெளியே வந்ததும். "காரணமே இல்லாம கேவியட் போட்டதுக்குச் சட்டத்துல வழியிருக்கு."

"வேணாம். ஆஸ்பத்திரிக்கு ஓட்டுன பெட்ரோலுக்குக் கழிச்சிக்கட்டும்."

உத்தரவு எழுதி முத்திரை வாங்க எட்டு நாள் ஆனது. அதை நில அலுவலகத்தில் பதிய வேண்டும், பதிந்த பிறகுதான் பட்டாவிலிருந்து குறிப்பு நீங்கும். ஆறாவது நாள் காலையில் மஹானி பேருந்து பிடித்து சல்பியாவின் வீட்டுக்கு வந்தாள். அவள் தனியாக வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். நேத்து அவரு இன்னொரு பாரம் கொண்டாந்தாரு. அவரு பேர்ல மறுபடி போட முடியாதாம், கோர்ட்டு எடுத்தத அதே காரணத்துக்குத் திரும்பப் போட விடமாட்டாங்களாம். அதனால எம்பேர்ல போடலாம்னாரு. நானும் அந்தத் தோட்டத்துல புல் வெட்டினேனாம்."

"வெட்டினீங்களா?"

"நான்தான் வெட்டினேன். அவரு நின்னு பாத்தாரு." மஹானி முந்தானை போல முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "கையெழுத்து வைன்னாரு. நாற்பது வருஷமா எத வச்சாலும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இதுக்கு மாட்டேன்னுட்டேன். இட்ரூஸ் அண்ணன் செத்தப்புறமும் அவர் பேரச் சொல்லிப் பொய் சொல்றது எனக்குப் பிடிக்கல. பேனாவத் தூக்கி அடுப்பங்கரைக்கு வெளிய வீசிட்டேன்."

சல்பியா அவளை உட்காரவைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் விடவில்லை, கம்பம் வரை காரிலேயே கொண்டுபோய் விட்டாள்.

குறிப்பு நீங்கியது. கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாக நிலம் ஃபவுசியின் பெயருக்கு மாறியது. லுமுட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் சல்பியா மனதைத் திடப்படுத்திக்கொண்டு சிக்குவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் தினசரி படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே சிக்கு. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சிக்கு தினசரியை மடித்தார். கண் கலங்கியது போலக்கூடத் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் அவள் அவரை மன்னித்திருப்பாள். ஆனால் அவர் எழுந்து நின்றார். மைக் இல்லாத இடத்திலும் மைக் பிடிக்கும் விதத்தில் கை உயர்ந்தது.

"பாரு சல், எனக்கு நன்றி எதுக்கு? ஒரு நல்ல மனுஷன் பலன எதிர்பாக்க மாட்டான். நான்கூட பெருந்தன்மையா கேவியட்ட வாபஸ் வாங்கிக்கிட்டேன்னுதான் ஊர்ல சொல்லி வச்சிருக்கேன். யாராச்சும் கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு. உனக்கும் கௌரவம்."

சமையலறையிலிருந்து மஹானி களுக்கென்று சிரித்தது கேட்டது.

"நீங்க சொல்லிக்கோங்க சிக்கு" என்றாள் சல்பியா. "கோர்ட்டு உத்தரவு நில அலுவலகத்துல இருக்கு. கட்டணம் கட்டி யார் வேணாலும் முறைப்படி எடுத்துப் படிச்சுக்கலாம்."

லுமுட்டில் அவளுக்கு மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. நான்காவது மாதம் பக்கத்து வீட்டுக்காரன் தன் காரை வேலியில் உரசி நிறுத்துவதைப் பார்த்துப் பொறுக்காமல் இறங்கிப் போய், அவனுக்கு இடது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.